பிபி, சுகரை நர்ஸே கவனித்தால் யாருக்கு மிச்சம்? அரசுக்கா, நோயாளிக்கா?

பிபி மாத்திரை தீர்ந்துவிட்டது. பஸ் பிடித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், வரிசையில் நின்றால், டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு "அதையே போடுங்க" என்பார். அந்த இரண்டு வார்த்தைக்காக ஒரு நாள் கூலி போய்விடும். இதற்கு டாக்டர்தான் வேண்டுமா என்ற கேள்வியிலிருந்துதான் இந்தக் கணக்கு தொடங்குகிறது.

இந்தியாவில் சுமார் 10 கோடி பேருக்கு நீரிழிவும், 31 கோடிக்கும் அதிகமானோருக்கு உயர் ரத்த அழுத்தமும் இருப்பதாக 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு மதிப்பிட்டது. நோயைக் கண்டறிந்து மருந்தை முடிவு செய்வது டாக்டரின் வேலை. அதற்குப் பிறகு வருடக்கணக்கில் நடப்பது வேறு வேலை. அளவு பார்க்கணும், மாத்திரை கொடுக்கணும், உப்பைக் குறைக்கச் சொல்லணும், வராமல் போனவரைத் தேடிப் பிடிக்கணும். இதில் பெரும்பகுதிக்கு நர்ஸ் போதும்.

இந்தியாவில் இது எப்படி நடக்கிறது?

ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் முதல் நலவாழ்வு மையம் 2018 ஏப்ரல் 14 அன்று சத்தீஸ்கரின் பீஜாப்பூர் மாவட்டம் ஜாங்லாவில் திறக்கப்பட்டது. இப்போது இவற்றுக்கு ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் என்று பெயர். துணை சுகாதார நிலைய அளவிலான மையங்களில் சமூக சுகாதார அலுவலர் ஒருவர் இருப்பார். இவர்களில் பெரும்பாலோர் நர்ஸிங் படித்து, கூடுதலாக ஆறு மாதப் பயிற்சி பெற்றவர்கள். டாக்டர் எழுதிய மருந்தை மாதாமாதம் தொடர்ந்து கொடுப்பார்கள். சந்தேகம் வந்தால் இ-சஞ்சீவனி மூலம் டாக்டரிடம் கேட்பார்கள்.

செலவு எவ்வளவு?

மத்திய அரசின் வழிகாட்டுதல்படி மாதம் 25,000 ரூபாய் சம்பளம், வேலையைப் பொறுத்து 15,000 வரை ஊக்கத்தொகை. முழுதாகக் கிடைத்தாலும் ஆண்டுக்கு 4.8 லட்சம். சமவெளியில் ஒரு துணை நிலையத்துக்கு 5,000 பேர் என்பது விதி. வகுத்துப் பாருங்கள்: தலைக்கு ஆண்டுக்கு 96 ரூபாய். மருந்து, கட்டடம், மற்ற ஊழியர்கள் செலவு தனி.

நோயாளி பக்கம் வாருங்கள். நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் ஒரு நாள் போனால் ஆண்டுக்கு 6,000 ரூபாய் இழப்பு, பஸ் காசு இல்லாமலே. இந்தப் பணம் எந்த அரசுக் கணக்கிலும் வராது. ஊருக்குள்ளேயே மாத்திரை கிடைத்தால், முதலில் மிச்சமாவது இதுதான்.

அரசுக்கும் மிச்சம்தானே?

அங்கேதான் அவசரப்படக் கூடாது. டாக்டருக்குப் பதில் நர்ஸ் பார்ப்பதைப் பற்றி பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை காக்ரேன் அமைப்பு 2018-ல் தொகுத்தது. சிகிச்சைப் பலன் டாக்டர் பார்த்ததற்கு இணையாகவோ சற்று மேலாகவோ இருந்தது; நோயாளிகளுக்குத் திருப்தியும் அதிகம். ஆனால் நர்ஸ் ஒவ்வொருவருக்கும் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறார். செலவு குறையுமா என்பது உறுதியாகவில்லை. சம்பளத்தில் மிச்சமாவது நேரத்தில் போய்விடலாம். அந்த நேரம் வீண் என்று சொல்ல முடியாது. பேசிப் புரியவைத்தால்தான் மாத்திரையைப் பாதியில் நிறுத்தாமல் இருப்பார்கள்.

உண்மையான மிச்சம் பக்கவாதமும் டயாலிசிஸும் வராமல் போவதில் இருக்கிறது. அது தெரிய பல வருடம் ஆகும். இன்னொரு சிக்கலும் உண்டு. பிஎம்-ஜேஏஒய் காப்பீடு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தரும், ஆனால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான். பக்கவாதம் வந்தபின் பணம் உண்டு. அதைத் தடுக்கும் தினசரி மாத்திரைக்கு அந்தக் காப்பீட்டில் இடமில்லை. அதனால் துணை நிலையத்தின் அலமாரியில் மாத்திரை இருக்கிறதா என்பதுதான் எல்லாம். ஸ்டாக் இல்லையென்றால் நர்ஸ் எழுதிக்கொடுத்த அளவோடு நோயாளி மெடிக்கல் ஷாப்புக்குத்தான் போவார்.

எதை எண்ணுகிறார்கள்?

ஊக்கத்தொகை இருக்கும் இடத்தில், எதை எண்ணுகிறோமோ அதுதான் நடக்கும். எத்தனை பேருக்கு பிபி பார்த்தோம் என்பது சுலபமான எண். எத்தனை பேருக்கு 140/90-க்குக் கீழே வந்தது என்பது கடினமான எண். 2017-ல் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சி இரண்டாவதைத்தான் பிடித்துக்கொண்டது. எளிய மருந்து நெறிமுறை, ஒரு மாத மாத்திரை மொத்தமாக, வராதவர்களின் பட்டியல். கேட்க சாதாரணமாக இருக்கும், ஆனால் நர்ஸுக்கு வேலையைத் தெளிவாக்குவது இதுதான்.

இந்த அலுவலர்களில் பெரும்பாலோர் ஒப்பந்த ஊழியர்கள். ஊக்கத்தொகை தாமதம், பணி நிரந்தரம் என்று பல மாநிலங்களில் போராடியிருக்கிறார்கள். பத்து வருடம் தொடர வேண்டிய சிகிச்சையை, ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் இருப்பவரிடம் கொடுத்திருக்கிறோம். அவர் வேலையை விட்டுப் போனால், யாருக்கு எந்த மாத்திரை, யார் போன மாதம் வரவில்லை என்பதையெல்லாம் அடுத்தவர் முதலிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டும்.