பூச்செடி நடுவதா அவர் வேலை?

லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் என்று ஆங்கிலத்தில் ஒரு தொழில் உண்டு. நிலவடிவமைப்பாளர் என்று நாம் அழைப்போம். அண்ணா பல்கலைக்கழகத்தில் அதற்கென முதுகலைப் படிப்பே இருக்கிறது. பெயரைக் கேட்டதும் தோழர்கள் சிலர் சிரிக்கக்கூடும். "மாளிகை வாசலில் புல்தரை விரித்துக் குரோட்டன்ஸ் வைப்பவர்தானே! பாட்டாளிக்கு அவரால் என்ன பயன்?" என்று கேட்கக்கூடும்.

நாம் திருப்பிக் கேட்கிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் புகுந்ததே, இயந்திரங்கள் தண்ணீரில் நின்றனவே, அந்த நாட்களின் கூலியை இழந்தவர் யார்? மாளிகைவாசியா?

அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கு, அங்கிருந்து கீழே ரெட்டேரிப் பக்கம் என்று ஏரியும் ஏரியும் கோத்துக் கிடந்த பூமி இது. கரை, மதகு, கலங்கல், வாய்க்கால் எல்லாம் கணக்காக இருந்தன. கணக்குப் போட்டவன் பட்டம் பெற்றவன் அல்லன், மண்வெட்டி பிடித்தவன். 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. வேலை வந்தது, வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம். ஆனால் ஆலைக்கு வரைபடம் போட்டவர்கள் வாய்க்காலுக்குப் போட்டார்களா? இல்லை! கழிவு கொரட்டூர் ஏரிக்குப் போயிற்று. ஏரியைக் காக்க அவ்வூர் மக்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போய் வழக்காட வேண்டியதாயிற்று.

விமானப்படைத் தளத்தை அண்டிய முத்தாபுதுப்பேட்டை போன்ற ஊர்களைப் பாருங்கள். வயலாக இருந்த நிலம் மனையாகிறது. ஒருவர் தம் மனையை இரண்டடி உயர்த்துகிறார். அடுத்தவர் மூன்றடி உயர்த்துகிறார். பழைய சாலையின் மேலேயே புதுச் சாலை போட்டு மாநகராட்சி தன் பங்குக்கு ஓரடி உயர்த்துகிறது. வானத்திலிருந்து விழும் தண்ணீர் எங்கே போகும்? உயர்த்தக் காசில்லாதவன் வீட்டுக்குள் போகும். இதற்குப் பெயர் நகர வளர்ச்சியாம்!

நிலவடிவமைப்பாளருக்கு வேலை இந்த இடத்தில்தான். முதல் செங்கல் விழுமுன் அவர் வரவேண்டும். சரிவு எந்தப் பக்கம், மண் நீரை உறிஞ்சுமா, எந்த மூலையைத் தாழ்வாக விட்டால் மழைக்காலத்தில் குளமாகவும் கோடையில் பிள்ளைகளுக்கு மைதானமாகவும் இருக்கும் என்று அளந்து சொல்ல வேண்டும். பேருந்துக்கு நிற்பவன் தலைமேல் புங்கமா பூவரசா என்பதும் அவர் கணக்குத்தான். இன்றோ கட்டடமெல்லாம் முடிந்த பிறகு, மிச்சமிருக்கும் மூலையில் செடி வைக்கக் கூப்பிடுகிறார்கள்.

இந்த அறிவு நமக்குப் புதிதுமன்று. பாட்ரிக் கெடிஸ் என்றொரு ஸ்காட்லாந்துக்காரர், தாவரவியல் பேராசிரியர். 1914-இல் நகரமைப்புக் கண்காட்சி ஒன்றைச் சென்னைக்கு அனுப்பினார். வந்த கப்பலை எம்டன் மூழ்கடித்தது. ஆம், சென்னையில் குண்டு போட்ட அதே எம்டன்தான்! மனிதர் சளைக்கவில்லை. நண்பர்கள் மறுபடி திரட்டித் தந்த படங்களுடன் 1915-இல் இங்கே கண்காட்சி நடத்தினார். மாகாணத்து ஊர்களைச் சுற்றி அறிக்கையும் எழுதினார். கொசு வருகிறது, குளத்தைத் தூர்த்துவிடு என்று அதிகாரிகள் சொன்ன காலம் அது. மீனையும் வாத்தையும் விட்டுக் குளத்தைக் காப்பாற்று என்பது கெடிஸின் கட்சி. கேட்டார்களா? 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் எழுந்தது.

சீனத்தில் கேட்டார்கள், அதுவும் பட்ட பிறகு. 2012 ஜூலையில் பெய்ஜிங் வெள்ளம் எழுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. நகரமே பஞ்சுபோல நீரை உறிஞ்ச வேண்டும் என்று அதற்கு முன்பே வாதாடி வந்தவர் கொங்சியான் யூ. உழவன் மகன், நிலவடிவமைப்பாளர். மறு ஆண்டே அரசு அக்கருத்தை ஏற்றது. 2025-இல் பிரேசிலில் விமான விபத்தில் அவர் மறைந்தார்.

நம் பக்கத்திலும் நல்லது நடக்காமலில்லை. ஆவடி பருத்திப்பட்டு ஏரியைச் சீர்செய்து, 2019-இல் பசுமைப் பூங்கா திறந்தார்கள். ஏறத்தாழ 87 ஏக்கர் ஏரி. மாலையில் குடும்பம் குடும்பமாக நடக்கிறார்கள்; மகிழ்கிறோம். ஆனால் நடைபாதை போட்ட கை, ஏரிக்கு வரும் கழிவுநீரை முற்றாகத் தடுத்ததா? புகார் ஓயவில்லையே! அடையாறு தொல்காப்பியப் பூங்காவில் வரிசை வேறு. முதலில் குப்பையையும் கட்டட இடிபாட்டையும் அகற்றினார்கள், நீருக்கு வழி விட்டார்கள், இம்மண்ணின் செடிகளை நட்டார்கள், 2011-இல்தான் திறந்தார்கள்.

சென்னைப் பெருநகரின் இரண்டாவது பெருந்திட்டம் 2026 வரைக்கும் வகுத்தது. மூன்றாவது, 2027 முதல் 2046 வரைக்கும். இருபது ஆண்டு! ஆவடி 2019-இல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. ஆகவே வட்டக் கூட்டங்களில் தோழர்கள் மூன்று கேள்வி எழுப்பட்டும். நம் வார்டின் வாய்க்கால் வரைபடத்தில் இருக்கிறதா? புது மனைப்பிரிவின் தரைமட்டத்தைத் தீர்மானிப்பவர் யார்? மாநகராட்சியில் நிலவடிவமைப்பாளர் ஒருவராவது சம்பளத்துக்கு இருக்கிறாரா? கிடைக்கும் பதிலை எழுதியனுப்புங்கள், வெளியிடுவோம்.