திங்களும் வியாழனும்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஐப்பசி மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தபோது, மாடியில் குடியிருக்கும் பெண் கதவைத் தட்டினாள். வங்கி வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து குன்னூருக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. கையில் வர்க்கிப் பொட்டலம். “டீச்சர், டீ போடுங்க” என்று சிரித்தாள். தண்ணீர் கொதிக்க ஆரம்பித்தபோது விஷயத்துக்கு வந்தாள்.

“ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஆனாலே நெஞ்சை அடைக்குது டீச்சர். சார் போனப்புறம் நீங்க பன்னண்டு வருஷமா தனியாத்தானே இருக்கீங்க? எப்படித் தாங்குறீங்க?”

“தாங்கலை கண்ணு. எனக்குப் பிடிச்சிருக்கு” என்றேன். அவள் நம்பவில்லை. நம்பாதது நியாயம்தான். முதல் இரண்டு வருடம் எனக்கும் அவள் சொன்ன அதே அடைப்பு இருந்தது. அது எப்படி மாறியது என்று அன்று அவளுக்குச் சொன்னதை இங்கே நிதானமாக எழுதிப் பார்க்கிறேன்.

முதல் சிக்கல் சொல்லிலேயே இருக்கிறது. தனியாக இருப்பதையும், யாருமில்லையே என்று தவிப்பதையும் நாம் ‘தனிமை’ என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். முன்னது இருப்பு; வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்லிவிடலாம். பின்னது தவிப்பு, அதை எண்ண முடியாது. இவை இரண்டும் சேர்ந்தே வரவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது. இதை விளக்க எனக்கு வெளியூர் உதாரணம் தேவைப்படவில்லை. இந்த நீலகிரி மலையிலேயே இரண்டு இருக்கின்றன.

ஒன்று, இந்த மலையின் பழங்குடிகளான தோடர்களுடையது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மருத்துவரும் உளவியல் அறிஞருமான ரிவர்ஸ் 1901, 1902ஆம் ஆண்டுகளில் நீலகிரியில் தங்கித் தோடர் வாழ்வைப் பதிவுசெய்தார். 1906இல் அது புத்தகமாக வந்தது. தோடர்களுக்கு எருமைப் பால்மனைதான் கோயில். அவற்றுள் மிகப் புனிதமானவற்றின் பூசாரியை அன்று பாலோல் என்றார்கள். பாலோல் ஆனவர் தன் வீட்டுக்கோ, மந்து எனப்படும் சாதாரணத் தோடர் ஊர்களுக்கோ போகக்கூடாது. மனைவி இருந்தால் பிரிந்திருக்க வேண்டும். அவரை யாரும் தொடக்கூடாது. குலத்தில் சாவு விழுந்தால்கூடப் பதவியை விட்டால்தான் ஈமச் சடங்குக்குப் போக முடியும். பல வருடங்கள்கூட இப்படியே ஓடும்.

“ஐயோ” என்றாள் அவள்.

எனக்கும் முதலில் படித்தபோது அப்படித்தான் இருந்தது. பிறகு திரும்பப் படித்தபோது வேறு விஷயங்கள் கண்ணில் பட்டன. அவருக்குக் காலையும் மாலையும் தவறாத வேலை இருந்தது: கறக்க வேண்டும், கடைய வேண்டும், விளக்கேற்ற வேண்டும், மந்திரம் சொல்ல வேண்டும். கூடமாட உதவ ஒரு பையன் இருந்தான். திங்கள், வியாழன் இரண்டு நாட்களும் ஜனங்கள் அவரிடம் வரலாம். மற்ற நாட்களில் அவசரம் என்றால் தூரத்தில் நின்று கூவிச் சொல்லலாம். வேண்டாம் என்று தோன்றினால் பதவியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகவும் வழி இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் அங்கே இருப்பது எதற்காக என்று அவருக்கும் தெரியும், அவருடைய ஜனங்களுக்கும் தெரியும். அவர் மனதுக்குள் என்ன இருந்தது என்று நான் சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரு மனிதர் தனியாக இருக்கும்போது நொறுங்கிவிடாமல் இருக்க என்னென்ன வேண்டுமோ, அத்தனையையும் அந்தச் சமூகம் யோசித்துப் பார்த்துப் பக்கத்தில் வைத்திருக்கிறது.

இரண்டாவது உதாரணம் நேர் எதிர். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்று முடிவானது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கினார்கள். இன்று டான்டீ என்கிறோமே, அதுதான். இலங்கை மலையகத்திலிருந்து தலைமன்னார் துறைமுகத்துக்கு அவர்களை ஏற்றிவந்த ரயிலுக்கு ‘அழுகைக் கோச்சி’ என்று பெயர். அண்ணனுக்கு இந்தியக் குடியுரிமை, தம்பிக்கு இலங்கைக் குடியுரிமை என்று குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. இங்கே வந்து லயன் வீட்டில் ஒரே அறையில் ஆறு பேராகப் படுத்தார்கள். ஒரு நிமிஷம்கூடத் தனியாக இருந்ததில்லை. ஆனாலும் தனிமை என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு இந்த மலையில் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. அக்கரையில் விட்டுவந்தவர்களின் பெயரைச் சொல்லும்போது அந்தப் பாட்டிமார்களின் குரல் தாழ்ந்துபோவதை நான் பல வருடம் கேட்டிருக்கிறேன்.

ஆகவே, பக்கத்தில் எத்தனை தலை இருக்கிறது என்பது கணக்கில்லை கண்ணு. நமக்கும் நம்மவர்களுக்கும் நடுவில் ஒரு கயிறு இருக்கிறது. அது அறுந்திருக்கிறதா, இருக்கிறதா? கயிறு இருந்தால் காட்டுக்குள்ளும் இருக்கலாம். அறுந்தால் திருவிழாக் கூட்டத்திலும் தவிப்புதான்.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் தனிமையையே வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்டிருந்த ஜான் கசியோப்போ இந்தத் தவிப்பைப் பசியோடு ஒப்பிட்டார். வயிறு காய்ந்தால் பசி வருகிறது, சாப்பிடு என்று சொல்ல. உறவு காய்ந்தால் தவிப்பு வருகிறது, போய் ஒருத்தரைப் பார் என்று சொல்ல. பசித்தால் யாராவது வெட்கப்படுகிறார்களா? மாடிப் பெண் ஐந்து மாதமாக வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள். அம்மா போனில் கேட்டால் “ஜாலியா இருக்கேம்மா” என்று சொல்லிவந்திருக்கிறாள். பசியை மறைத்தால் பசி போகாது, உடம்புதான் இளைக்கும்.

“அதனாலதான் போனை எடுத்து ராத்திரி வரைக்கும் பாத்துட்டே இருக்கேன் டீச்சர்.”

அதில் அவளைக் குறைசொல்ல மாட்டேன். சும்மா இருப்பது பழகாத ஒருவருக்கு உண்மையிலேயே கஷ்டம். 2014இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். ஆட்களை வெற்று அறையில் 15 நிமிடம் உட்காரச் சொன்னார்கள். போன் இல்லை, புத்தகம் இல்லை. ஒரு பொத்தான் மட்டும் இருந்தது. அதை அழுத்தினால் சின்னதாக ஷாக் அடிக்கும். அந்த ஷாக் பிடிக்கவில்லை, காசு கொடுத்தாவது தவிர்ப்போம் என்று முன்னமே சொன்னவர்கள் அவர்கள். இருந்தும் 18 ஆண்களில் 12 பேர், 24 பெண்களில் 6 பேர் அழுத்திப் பார்த்துவிட்டார்கள். தன் மனதோடு கால்மணி நேரம் உட்காருவதற்கு அதுவே மேல் என்று இருந்திருக்கிறது. ஆக, இது நீச்சல் மாதிரி. யாரும் பிறக்கும்போதே கற்றுக்கொண்டு வருவதில்லை.

எப்படித்தான் கற்றுக்கொள்கிறோம்? டொனால்ட் வினிகாட் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் 1958இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்குப் பதில் இருக்கிறது. தனியாக இருக்கும் திறனைக் குழந்தை தாயின் பக்கத்தில் இருந்துதான் பெறுகிறது என்றார் அவர். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். குழந்தை அவளைப் பார்க்காமல், அவளைக் கூப்பிடாமல், ஒரு மூடியை உருட்டிக்கொண்டிருக்கும். அவள் இருக்கிறாள் என்ற தெம்பில் அது தன் உலகத்துக்குள் போய்விடுகிறது. வளர்ந்தபிறகு அந்தத் தெம்பு நமக்குள்ளேயே குடிவந்துவிடுகிறது.

வினிகாட்டின் கட்டுரையைப் படிப்பதற்கு முன்பே இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் ஒரு மாணவி. தோட்டத்து லயனிலிருந்து வந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை. தினமும் முக்கால் மணி நேரம் முன்னாலேயே பள்ளிக்கு வந்துவிடுவாள். வந்து படிக்கவும் மாட்டாள். நான் நோட்டுத் திருத்திக்கொண்டிருப்பேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து மூடுபனி கலைவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் ஏன் இவ்வளவு சீக்கிரம் வருகிறாய் என்று கேட்டேன். “வீட்ல ஒக்கார எடமில்ல டீச்சர்” என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, “நீங்க இருக்கீங்கல்ல, பயமில்ல” என்றாள். அந்த முக்கால் மணி நேரத்தை அவளுக்காகவே கடைசிவரை காப்பாற்றிக் கொடுத்தேன். தனித்திருக்க ஓர் இடம் கிடைப்பதும் ஒரு சொத்து. அது எல்லாருக்கும் கிடைத்துவிடவில்லை. மாடியில் தனி அறை வாய்த்த ஒருத்தி அதைச் சாபம் என்று நினைத்து மருகுவதைப் பார்த்தபோது, அந்தப் பிள்ளையின் முகம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

இரண்டாவது டம்ளர் டீ ஊற்றிக்கொண்டு, “சரி டீச்சர், நான் என்ன செய்யணும்?” என்று கேட்டாள். பாலோலிடமிருந்து நான் எடுத்துக்கொண்டதைச் சொன்னேன்.

முதலாவது, கைக்கு வேலை. மனதுக்கு வேலை கொடுக்காதே, கைக்குக் கொடு. நான் கறிவேப்பிலைச் செடி வளர்க்கிறேன். இந்தக் குளிரில் அது லேசில் பிழைக்காது, அதனாலேயே வளர்க்கிறேன். ஒருத்தருக்கு மட்டும் சமைப்பது வீண் என்று பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே. உனக்கென்று ஒரு ரசம் வைத்து, தட்டு போட்டு உட்கார்ந்து சாப்பிடு. வீட்டுக்கு வந்த விருந்தாளியை நடத்துவது போல உன்னையும் நடத்து.

இரண்டாவது, எல்லை. ஞாயிறு முழுவதையும் ஒரே விழுங்காக விழுங்கப் பார்க்காதே. முதலில் கால்மணி நேரம். சிம்ஸ் பூங்காவில் போனை அணைத்துவிட்டு ஒரு மரத்தடியில் உட்கார். முதல் ஐந்து நிமிடம் உள்ளே சந்தை இரைச்சல் மாதிரி இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். கொஞ்ச நேரத்தில் கடை கட்டிவிடுவார்கள்.

மூன்றாவது, கயிறு. யார் வீட்டுக்கு எந்த நாளில் போவாய் என்பது நிச்சயமாக இருக்கட்டும். “எப்பவாவது பாக்கலாம்” என்பது கயிறாகாது. திங்களும் வியாழனும் என்று தோடர்கள் வைத்தார்களே, அந்த மாதிரி கிழமை குறித்து வைத்திருக்க வேண்டும். மற்ற நாட்கள் தனியாகக் கழிவதற்கு அந்தக் கிழமைதான் தைரியம். அம்மாவிடம் உண்மையைச் சொல்வதும் இதில் சேர்ந்ததுதான்.

இதையெல்லாம் செய்தும் தூக்கம் வரவில்லை, சோறு இறங்கவில்லை, எதற்கு இருக்கிறோம் என்று தோன்றுகிறது என்றால், அது டீயில் தீர்வதில்லை. அரசின் டெலிமானஸ் எண் 14416ஐக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள். அதையும் அவளிடம் சொல்லி, போனில் பதிந்துகொள்ளச் சொன்னேன்.

“இதெல்லாம் பழகிட்டா யாருமே வேணாம்னு ஆயிடாதா டீச்சர்?”

நல்ல கேள்வி. இனியது எது என்று முருகன் கேட்டபோது ஔவை ஏகாந்தத்தை முதலில் சொன்னாள் என்று எல்லாருக்கும் தெரியும். அவள் அதோடு நிறுத்தவில்லை. அதைவிட இனியது இறைவனைத் தொழுவது, அதைவிட இனியது அறிவுடையவர்களோடு சேர்வது என்று ஏறிக்கொண்டே போகிறாள். அவளுக்கு ஏகாந்தம் முதல் படி. ஏறி முடித்தால் மனிதர்களிடம்தான் வந்து நிற்கிறோம். இதற்கு இந்த மலையிலேயே ஒரு சாட்சி உண்டு: ஊட்டி ஃபெர்ன்ஹில்லில் நாராயண குருகுலம் இருக்கிறது. நாராயண குருவின் சீடர் நடராஜ குரு 1923இல் தொடங்கிய இயக்கம் அது. அவருக்குப் பின் வந்த நித்ய சைதன்ய யதி 1999இல் மறையும்வரை அங்கே இருந்தார். மரங்களுக்கு நடுவில் ஒதுங்கிய இடம். ஆனால் அங்கிருந்து அவர் எழுதிய கடிதங்களுக்கும், அவரைத் தேடி மலையேறியவர்களுக்கும் கணக்கில்லை. தன்னோடு இருக்கத் தெரிந்தவரிடம் உட்காரத்தான் நமக்கும் ஆசை வருகிறது. நம்மிடம் எதையும் பிடுங்கிக்கொள்ள அவர் காத்திருப்பதில்லையே.

மழை நின்றிருந்தது. கீழே பள்ளத்தில் தேயிலைச் செடிகள் மேல் பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் டம்ளரைக் கழுவி, என் டம்ளருக்குப் பக்கத்தில் கவிழ்த்தாள். மாடிப்படியில் இரண்டு படி ஏறிவிட்டுத் திரும்பினாள்.

“திங்கக்கிழமை பேங்க்ல கூட்டமா இருக்கும் டீச்சர். வியாழக்கிழமை வர்றேன்.”