வாசலில் கழற்றும் காலணி

சில மாதங்களுக்கு முன், வீட்டுக்கடன் விண்ணப்பம் ஒன்றின் தொடர்பாக வாடிக்கையாளர் இல்லம் ஒன்றுக்குச் சென்ற எங்கள் சக அலுவலர், வாசலில் நின்றபடியே ஆவணங்களைப் பார்த்து முடித்துத் திரும்பிவிட்டார். உள்ளே வந்து அமருமாறு அவ்வீட்டுப் பெரியவர் மும்முறை அழைத்தும் அவர் செல்லவில்லை. நேரமில்லை என்று அவர் கூறிய காரணம் உண்மையன்று. காலை முதல் அணிந்திருந்த ஷூவை அங்கே கழற்ற அவருக்குத் துணிவில்லை. இதனைப் பிற்பாடு எங்களிடம் சொன்னபோதும் குரலைத் தாழ்த்தியே சொன்னார்.

காலணியுடன் வீட்டுக்குள் நடமாடும் நாடுகளில் இத்தொல்லை ஷூவுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும். நம் நாட்டிலோ வீடு, கோயில், மசூதி, குருத்வாரா, சில மருத்துவமனைகள் என நாளுக்கொரு வாசலிலேனும் காலணியைக் கழற்ற வேண்டியிருக்கிறது. ஆகவே பாத நாற்றம் இங்கே எளிதில் பலரறியும் செய்தியாகிவிடுகிறது. அதைவிட வருத்தத்துக்குரியது, அதனைத் தூய்மைக் குறைவின் அடையாளமாகக் கருதும் நமது வழக்கம். நாள்தோறும் இருமுறை குளிப்பவருக்கும் இது நேரும். எங்கள் அலுவலர் அத்தகையவரே.

வியர்வைக்கு இயல்பில் மணமில்லை. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வியர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கமாக அமைந்துள்ளன. ஒரு சதுர சென்டிமீட்டருக்குள் அவை நூற்றுக்கணக்கில் இருக்கும். கையில் சுரக்கும் வியர்வை காற்றில் உலர்ந்துவிடுகிறது. மூடிய ஷூவுக்குள் சுரப்பது போக வழியின்றித் தேங்குகிறது. அந்த ஈரத்திலும் வெப்பத்திலும் தோலில் இயல்பாகவே வாழும் நுண்ணுயிர்கள் பெருகி, வியர்வையிலுள்ள லூசின் என்னும் அமினோ அமிலத்தைச் சிதைத்து ஐசோவலேரிக் அமிலமாக மாற்றுகின்றன. பழைய பாலாடைக்கட்டியை நினைவூட்டும் அந்தப் புளித்த நெடி இதனுடையதே. கைட்டோகாக்கஸ் செடென்டேரியஸ் என்ற மற்றொரு நுண்ணுயிர், ஊறிய உள்ளங்காலின் தடித்த தோலை அரித்துச் சிறுசிறு குழிகளை உண்டாக்கிக் கந்தக நாற்றத்தையும் சேர்க்கிறது. நாற்றத்துக்கு வேண்டியவை ஈரம், வெப்பம், அடைப்பு ஆகிய மூன்று. நம்மால் எளிதில் நீக்கக்கூடியது ஈரம் ஒன்றே.

இந்த எளிய தொல்லையை ஆராய்ந்ததற்காக நம் நாட்டவர் இருவர் 2025ஆம் ஆண்டு பொறியியல் வடிவமைப்புக்கான இக் நோபல் பரிசைப் பெற்றனர். முதலில் சிரிக்கவும் பின்னர் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கு வழங்கப்படும் பரிசு அது. தில்லியை அடுத்துள்ள ஷிவ் நாடார் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் விகாஷ் குமாரும், அங்கே பயின்ற சார்தக் மித்தலும் விடுதி அறைகளுக்கு வெளியே தாழ்வாரத்தில் ஷூக்கள் கிடப்பதைக் கவனித்தனர். உள்ளே இடமில்லாமையே காரணம் என்று முதலில் எண்ணினர். 149 மாணவரிடம் கேட்டறிந்தபோது காரணம் நாற்றம் என்பது தெரிந்தது. தம்முடைய அல்லது பிறருடைய ஷூவின் நாற்றத்தால் சங்கடப்பட்டதாக அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் கூறினர். விரல்கள் படியும் முன்பகுதியிலேயே நுண்ணுயிர்கள் மிகுதி என்றும், புறஊதா விளக்கு பொருத்திய ஷூ அலமாரியில் இரண்டு மூன்று நிமிடம் வைத்தாலே நாற்றம் நீங்குகிறது என்றும் அவர்கள் கண்டனர். நேரம் கூடியபோது ரப்பர் தீயும் வாடை வந்ததாம்! அத்தகைய விளக்கொளி கண்ணுக்கும் தோலுக்கும் கேடு தருவது. வீட்டில் தாமாகவே பொருத்திப் பார்க்கும் முயற்சி வேண்டாம்.

விளக்கு இல்லாவிடினும் நமக்கு வழியுண்டு. நாள் முழுதும் அணிந்த ஷூ ஓர் இரவில் முழுமையாக உலர்வதில்லை. அதற்கு ஒரு முழு நாளேனும் தேவை. மறுநாள் காலை அதையே அணிந்தால் நேற்றைய ஈரத்தின் மேல் இன்றைய வியர்வை சேர்கிறது. எனவே இரண்டு இணைகளை மாற்றி மாற்றி அணிவதைப் போன்ற நல்ல மருந்து வேறில்லை. வங்கியின் இதழ் செலவுக்கு வழிகாட்டுவதா என வாசகர் கேட்கலாம். இடையிடையே உலர விடப்படும் ஷூ, நாள்தோறும் ஈரத்தில் கிடப்பதைக் காட்டிலும் நெடுநாள் உழைக்கும்; இரண்டாவது இணைக்கான பணத்தின் ஒரு பகுதி அவ்வழியே திரும்பிவிடும்.

கழற்றியவுடன் ஷூவை அலமாரிக்குள் இட்டு மூடிவிடுவது நம்மிற் பலர் செய்யும் பிழை. நாடாவைத் தளர்த்தி, நாக்குப் பகுதியை வெளியே இழுத்து, உள்ளிருக்கும் மெத்தையையும் எடுத்துத் தனியே காற்றில் வைக்க வேண்டும். மழைக்காலத்தில் செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, அது ஈரத்தை உறிஞ்சியதும் வேறு தாளை மாற்றலாம். கடும் வெயிலில் நெடுநேரம் வைத்தால் தோல் வெடிக்கும், ஒட்டிய பசையும் விட்டுப்போகும். தோல் ஷூவுக்குக் காற்றோட்டமுள்ள நிழலே ஏற்றது.

சமையல் சோடா சிறிது பயன் தரும். அமிலத்தை அது சமன் செய்வதால் இரவில் உள்ளே தூவிக் காலையில் தட்டிவிட்டால் நெடி குறையும். ஈரம் நீங்காதவரை மறுபடியும் வரும். வாசனைத் திரவியம் தெளிப்பது நாற்றத்தோடு மணத்தையும் சேர்த்து இரண்டையும் கெடுப்பதாகும். அந்துருண்டையை ஷூவுக்குள் இட்டு வைக்கும் வழக்கம் சில வீடுகளில் உள்ளது. அதிலுள்ள நாப்தலீன் ஆவி நல்லதன்று. குறிப்பாகக் கைக்குழந்தைகள் உள்ள வீட்டில் அதனை அறவே தவிர்க்க வேண்டும்.

பாதத்தைச் சோப்பிட்டுக் கழுவுவோர் பலர். விரலிடுக்குகளைத் துடைத்து உலர்த்துவோர் சிலரே. இரண்டாவது செயலே முதன்மையானது. காலுறையை நாள்தோறும் மாற்றுவதோடு, மிகுதியாக வியர்ப்பவர்கள் மற்றோர் இணையைக் கைப்பையில் வைத்திருந்து மதிய உணவு வேளையில் மாற்றிக்கொள்ளலாம். முற்றிலும் நைலானால் ஆனதைவிடப் பருத்தி கலந்தது மேல். காலுறையின்றி மூடிய ஷூ அணியும் இன்றைய இளைஞர் பாணியை நாங்கள் பரிந்துரைக்க இயலாது.

இவ்வளவும் செய்து சில வாரங்களாகியும் நாற்றம் நீங்காவிடில் தோல் மருத்துவரை நாட வேண்டும். உள்ளங்காலில் குழிகள், விரலிடுக்கில் வெள்ளையாய் ஊறிய தோல், அரிப்பு, சேற்றுப்புண் ஆகியவை தொற்றின் அறிகுறிகள். இவற்றுக்கு ஏற்ற மருந்துகள் உள்ளன. அளவுக்கு மீறி வியர்ப்பவருக்கு அலுமினியம் குளோரைடு கலந்த பூச்சை மருத்துவர் எழுதித் தரக்கூடும். மருந்துக் கடையில் தாமே கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு, பூஞ்சைத் தொற்றைச் சில நாள் மறைத்துப் பின்னர் பரவச் செய்யும்.

நீரிழிவு உள்ள வாசகர்கள் இதனை மேலும் கருத்தாய்க் கொள்ள வேண்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு விரலிடுக்கில் ஏற்படும் சிறு வெடிப்பும் தெரியாமலே புண்ணாகக்கூடும். நாற்றத்தைப் போக்கவென்று வெந்நீரில் காலை ஊறவைப்பது அவர்களுக்கு ஆபத்தானது. சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும். இரவுதோறும் உள்ளங்காலைக் கண்ணாடி கொண்டேனும் பார்த்துவிடுவது நலம். புதிதாய் நாற்றம் எழுந்தால் அதனைக் கூச்சத்துக்குரியதாக எண்ணி மறைக்காமல் மருத்துவரிடம் கூற வேண்டும்.

இரண்டாவது ஷூ வாங்கும் வசதி அனைவர்க்கும் இல்லை என்பதை நாங்கள் அறிவோம். பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் காவலாளிக்கும், பொருள் விநியோகிக்கும் இளைஞருக்கும், பள்ளிச் சிறுவர் பலருக்கும் ஓர் இணையே உண்டு. அவர்கள் உள்மெத்தையை மட்டும் இரண்டு இணையாக வைத்துக்கொள்ளலாம். வியர்வையில் பெரும்பகுதியை உறிஞ்சுவது அதுவே; புதிய ஷூவின் விலையில் சிறு பங்கே அதற்கு ஆகும். ஒன்று காலடியில் இருக்கையில் மற்றொன்று கொடியில் உலரட்டும். இரவில் ஷூவை மின்விசிறியின் எதிரே, வாய்ப்பகுதி காற்றை நோக்கியிருக்குமாறு சாய்த்து வைத்தால் காலைக்குள் பெருமளவு உலர்ந்துவிடும்.