கேமரா வாங்குமுன் ஒரு வார்த்தை

சென்ற மழைக்காலத்தில் லாரியில் வந்த துவரம் பருப்பில் நான்கு மூட்டை நனைந்திருந்தது. கடைப் பையன் பழைய கேமராவில் படம் எடுத்தான். மூட்டையிலிருந்த லாட் நம்பர் மங்கல். படத்தில் விழுந்த தேதியும் தவறு. நஷ்டஈடு கிடைக்கவில்லை.

செல்போன் போதாதா என்பீர்கள். பையன் வேலையை விட்டுப் போனால் படமும் அவனோடு போய்விடும். கல்லாவில் ஒரு சிறிய டிஜிட்டல் கேமரா இருப்பது நல்லது. பழையதே போதும்.

மெகாபிக்சல் கணக்கைக் கண்டு மயங்க வேண்டாம். ஏ4 தாளில் அச்சிட 8 தாராளம். ஆப்டிகல் ஜூம் எத்தனை என்று கேளுங்கள். டிஜிட்டல் ஜூம் படத்தை வெட்டிப் பெரிதாக்குமே தவிர, தெளிவு தராது. பூப் போட்ட குறிதான் மேக்ரோ. லேபிள் எழுத்தைக் கிட்டத்தில் எடுக்க அது வேண்டும். பட்டனைப் பாதி அழுத்தி, ஃபோகஸ் ஆனபின் முழுதும் அழுத்துங்கள். எஸ்.டி. கார்டு போடும் கேமராவாக இருக்கட்டும்; மற்ற பழைய வகைகள் எளிதில் கிடைப்பதில்லை.

பேட்டரியைக் கழற்றி நாளானால் தேதி அழிந்துவிடும். சரக்கு இறக்குமுன் தேதியைச் சரிபாருங்கள்.

பிறகு நான் வாங்கிய கேமராவின் விலை, அந்த நான்கு மூட்டையின் விலையில் பாதிகூட இல்லை.