கடலூர்க் கழிமுகமும் நம் வீட்டுக் கழிவுநீரும்

ரிச்சர்ட்ஸ் டவுனில் வசிப்பவருக்குக் கடற்கரை, விடுமுறைக்குச் சென்று வரும் தொலைவான இடமாகத் தோன்றலாம். ஆனால் பெங்களூரு ஒரு மேட்டுநிலத்தின் முகட்டில் அமைந்த நகரம். முகட்டுக்கு மேற்கே விழும் நீர் விருஷபாவதி, அர்க்காவதி வழியே காவிரியைச் சேர்கிறது. ரிச்சர்ட்ஸ் டவுன் உள்ளிட்ட கிழக்குப் பகுதியின் நீர் தென்பெண்ணையை நோக்கிச் செல்கிறது. நந்தி மலைப் பகுதியில் தோன்றும் அந்த ஆறு, கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைக் கடந்து, கடலூருக்கு அருகே தாழங்குடாவில் கடலுடன் கலக்கிறது.

ஆற்றின் நன்னீரும் கடலின் உப்புநீரும் கலக்கும் இவ்விடமே கழிமுகம் எனப்படுகிறது. இறால், நண்டு, மடவை முதலியவற்றின் குஞ்சுகள் இங்கே வளர்ந்த பின்னரே கடலுக்குச் செல்கின்றன. அலையாத்தி மரங்கள் தம் வேர்களால் மண்ணைப் பிடித்து, புயலலையின் வேகத்தைத் தணிக்கின்றன. ஆற்றில் வரும் வெள்ளமே மணல்திட்டை உடைத்து முகத்துவாரத்தைத் திறந்து வைக்கிறது. நீர்வரத்து குறைந்தால் முகத்துவாரம் தூர்ந்துவிடும். பெருமழையின்போது வெள்ளம் வடிய வழியின்றி ஊருக்குள் தேங்கும். கழிவுநீர் மிகுந்தால் நீரில் ஆக்சிஜன் குறைந்து, மீன்வளமும் மீனவர் வருவாயும் குன்றும்.

கழிமுகங்களைக் காப்பதற்கான முதன்மையான சட்டக் கருவி, கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை ஆகும். முதலில் 1991-இல் வெளியான இது, 2011-இலும் 2019-இலும் புதிதாக வகுக்கப்பட்டது. இதன்படி ஒவ்வொரு கடலோர மாநிலமும் கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடங்களைத் தயாரிக்க வேண்டும். ஆண்டின் மிக வறண்ட காலத்தில், ஆயிரம் பங்கு நீரில் ஐந்து பங்கு உப்பு காணப்படும் இடம் வரை ஆறு கடல் ஏற்றவற்றத்துக்கு உட்பட்டதாகக் கொள்ளப்படுகிறது. அந்த எல்லையுடன் வரைபடம் நின்றுவிடுகிறது. கழிமுகத்தைக் கெடுக்கும் காரணங்களோ அதற்கு மேலேதான் தொடங்குகின்றன.

சென்னை அடையாறு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அதன் கழிமுகத்தை ஒட்டிக் கட்டட இடிபாடுகள் கொட்டப்பட்டிருந்த 58 ஏக்கர் நிலம் சீரமைக்கப்பட்டு, கடல்நீர் வந்து செல்ல வழிசெய்யப்பட்டு, அலையாத்திச் செடிகள் நடப்பட்டன. 2011-இல் திறக்கப்பட்ட அப்பகுதி, இன்று பறவைகள் நாடும் தொல்காப்பியப் பூங்காவாக விளங்குகிறது. எனினும் ஆற்றில் கழிவுநீர் வரத்து தொடர்ந்தது. ஆகவே ஆதனூர் ஏரி முதல் முகத்துவாரம் வரை, சுமார் 42 கி.மீ. ஆற்றையும் ஒரே திட்டத்தில் கொண்டுவர வேண்டியதாயிற்று.

அடையாறு ஒரே மாநிலத்துக்குள் ஓடுவது. தென்பெண்ணையோ இரு மாநிலங்களுக்கு உரியது. பெல்லந்தூர் ஏரியில் பொங்கிய நுரையை நாம் கண்டோம். கெலவரப்பள்ளி அணையிலும் அதே போன்ற நுரையை ஓசூர்ப் பகுதி உழவர்கள் காண்கின்றனர். நகரக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, அணைகளிலிருந்து நீர்திறப்பு, மணல் அள்ளுதல், கடலோரக் கட்டுமானம் ஆகிய நான்கையும் ஆற்றுப்படுகை முழுமைக்குமான ஒரே திட்டத்தில் இணைத்தாலன்றிக் கடலூர்க் கழிமுகத்தை முழுமையாக மீட்க இயலாது.

வாடிக்கையாளர்களாகிய நாம் செய்யக்கூடியவை இரண்டு. முதலாவது, நம் குடியிருப்பில் சுத்திகரிப்பு நிலையம் இருப்பின், அது நாள்தோறும் முறையாக இயங்குகிறதா எனச் சங்கக் கூட்டத்தில் கேட்பது. அதன் பராமரிப்புச் செலவை வீண்செலவெனக் கருதாதிருப்பது. இரண்டாவது, கடற்கரைச் சாலையிலோ உப்பங்கழி ஓரத்திலோ மனை வாங்க எண்ணினால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அதன் சர்வே எண் கடற்கரை மண்டல வரைபடத்தில் எங்கே அமைகிறது எனப் பார்ப்பது. பத்திரமும் வில்லங்கச் சான்றும் சரியாக இருந்தாலும், தடைசெய்யப்பட்ட மண்டலத்தில் வீடு கட்ட அனுமதி கிடைக்காது. அனுமதியில்லா மனை கடனுக்கு ஈடாகவும் அமையாது. அந்த வரைபடம் கழிமுகத்தை மட்டுமன்றி, நம் சேமிப்பையும் காக்கிறது.