சபையின் தாய்மார்கள் – 7: மகள் வழியே வந்த மரபு

சென்ற வாரம் ஆவூரில் நின்றோம். புதுக்கோட்டை மாவட்டத்தின் வடமேற்கே, திருச்சியை ஒட்டிய சிற்றூர். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் யேசு சபைக் குரு புஷே அங்கே கோவில் எழுப்பினார். வீரமாமுனிவர் அங்கே பணியாற்றினார். இப்போதைய பெரியநாயகி மாதா ஆலயம் 1747இல் எழுந்தது. மாதாவின் பெயரில் நிற்கும் அந்த ஆலயத்தின் வரலாற்றைப் புரட்டினால் கண்ணில் படுவதெல்லாம் குருமார் பெயர்களே. பஞ்சத்திலும் படையெடுப்பிலும் அந்த விசுவாசத்தை அடுப்படியில் காத்த பெண்களில் ஒருத்தியின் பெயர்கூட நம் கைக்கு வரவில்லை.

அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று நமக்குத் தெரியாதா என்ன? இன்றும் ஒவ்வொரு பங்கிலும் ஒவ்வொரு சபையிலும் அப்படி ஒரு தாய் இருக்கிறார். உலைக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடியைக் கோவிலுக்கென்று தனிப்பானையில் போடுகிறவர். விளக்கு வைத்ததும் பேரப்பிள்ளைகளை உட்காரவைத்து ஜெபம் சொல்லித் தருகிறவர். ஞாயிற்றுக்கிழமை யார் வரவில்லை என்று மனத்தில் குறித்துக்கொண்டு, திங்கட்கிழமை காலையில் அந்த வீட்டு வாசலில் போய் நிற்கிறவர். சபைப் பதிவேட்டில் அவருக்கு ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று மூன்று வரிகள்தான் இருக்கும்.

அந்த மூன்று வரிக்கு மேல் தடம் பதித்த ஒரு தாயைப் பற்றி இந்த வாரம் எழுதுகிறேன். அவர் நம் மாவட்டத்துக்காரர் அல்லர். திருநெல்வேலிச் சீமையில் வளர்ந்து, சென்னைச் சிந்தாதிரிப்பேட்டையில் வாழ்ந்து மறைந்தவர். பெயர் அன்னாள் சத்தியநாதன்.

அவருடைய தந்தை ஜான் தேவசகாயம், மாயவரத்தில் பிறந்து தரங்கம்பாடி மிஷன் பள்ளியில் படித்தவர். 1830இல் உதவி குருவாகவும், 1836இல் சென்னைப் பேராயர் டேனியல் கோரியின் கையால் முழுக் குருவாகவும் அபிஷேகம் பெற்றார். தென்னிந்திய ஆங்கிலிக்கன் சபையில் அந்த நிலைக்கு வந்த முதல் இந்தியர் அவரே. கடாட்சபுரத்தில் அவர் ஊழியம் செய்த காலத்தில் வளர்ந்த பெண் அன்னாள். பெண் பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று ஊரே கேட்ட நாளில், அந்த வீட்டில் மகளும் படித்தாள்.

1849இல் அவருக்குத் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை சிந்துபூந்துறையில் பிறந்த திருவேங்கடம். பாளையங்கோட்டைப் பள்ளியில் குரூக்‌ஷாங்க்ஸ் என்ற பார்வையற்ற ஆசிரியரிடம் படித்தவர். பதினெட்டு வயதளவில் ஞானஸ்நானம் பெற்று வில்லியம் தாமஸ் சத்தியநாதன் ஆனார். அந்த முடிவுக்கு அவர் கொடுத்த விலை பெரிது. மதம் மாறிய பிள்ளையைப் பெற்றோரும் உறவினரும் இழவு விழுந்ததுபோல் நினைத்த காலம் அது. அப்படிப்பட்டவருக்குக் குடும்பம் என்பது அன்னாளோடுதான் புதிதாகத் தொடங்கியது. சத்தியநாதன் வம்சம் என்று பின்னாளில் பேசப்பட்ட வம்சத்தின் வேர் அந்த வீட்டு மருமகனிடம் இல்லை, மகளிடம் இருந்தது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கடைசியில் வருகிறேன்.

1860களின் தொடக்கத்தில் சி.எம்.எஸ். மிஷனரிச் சங்கம் இந்தத் தம்பதியைச் சென்னைக்கு அனுப்பியது. சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயம் சத்தியநாதனின் பொறுப்புக்கு வந்தது. போதகரின் மனைவிக்குச் சம்பளமும் கிடையாது, பட்டமும் கிடையாது. ஆனால் வேலைக்குக் குறைவிருக்கவில்லை. அன்னாள் தன் வீட்டிலேயே சில சிறுமிகளைச் சேர்த்துப் பாடம் சொல்லத் தொடங்கினார். அது பெண்கள் பள்ளியாக வளர்ந்தது, பிறகு பல பள்ளிகளாகப் பெருகியது. அதோடு செனானா ஊழியமும் சேர்ந்துகொண்டது.

செனானா ஊழியம் என்றால் வீட்டுக்குள்ளேயே இருக்கும் பெண்களைத் தேடிப் போய்ப் படிப்பிப்பது. பத்துப் பன்னிரண்டு வயதில் திருமணம் பேசிவிட்டால் பெண்ணின் பள்ளிக்கூடம் முடிந்துவிடும். அவள் வெளியே வர மாட்டாள் என்றால் ஆசிரியை உள்ளே போக வேண்டும். வெள்ளைக்கார மிஷனரிப் பெண்களுக்குத் திறக்காத பின்கட்டுக் கதவு, தமிழ் பேசும் புடவை கட்டிய அம்மாவுக்குத் திறந்தது. எழுத்து, வாசிப்பு, தையல், அதோடு வேதப் பாடம்.

இதில் மறைப்பதற்கு எதுவுமில்லை. அன்னாள் கையில் பைபிளோடுதான் போனார். அந்தப் பெண்கள் கிறிஸ்துவை அறிய வேண்டும் என்பதே அவருடைய ஆசை. அந்தக் கால மிஷன்கள் ‘சாதிப் பெண்கள் பள்ளி’ என்று தனியே நடத்தி, மேல்சாதி வீடுகளின் தயக்கத்துக்கு இடம் கொடுத்ததும் உண்மை. ஒடுக்கப்பட்ட வீட்டுச் சிறுமிக்கு அந்த வாசல் மூடியே இருந்தது. அந்தச் சமரசம் எனக்கு வலிக்கிறது. அன்னாளின் மீது எனக்குள்ள மரியாதை அந்த வலியை அழிக்கவில்லை. அந்த வலியும் அவர் கற்பித்த எழுத்தை அழிக்கவில்லை. மதம் மாறாமலே இருந்த எத்தனையோ வீடுகளில் ஒரு பெண் தன் பெயரைத் தானே எழுதக் கற்றுக்கொண்டாள்.

அது பட்டணத்துப் பழங்கதை என்று நினைப்பவர்கள் நம் ஊரை நினைத்துப் பார்க்கட்டும். அன்னாள் தொடங்கி நாற்பது ஆண்டுகள் கழிந்த பிறகு, 1904இல், முத்துலட்சுமி என்ற பெண் புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் சேர மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானின் ஆணை தேவைப்பட்டது. மாணவர்களின் பெற்றோர் எதிர்த்தார்கள். மூடிய வண்டியில் வந்து, திரைக்குப் பின்னால் உட்கார்ந்துதான் அவர் பாடம் கேட்டார். பின்கட்டைத் தேடிப் போனவர்களின் உழைப்பு எவ்வளவு கடினமான பாறையில் விழுந்த உளி என்பது அந்தத் திரையைப் பார்த்தால் புரியும்.

அன்னாள் எழுதவும் செய்தார். பிள்ளை வளர்ப்பைப் பற்றி அவர் எழுதிய ‘நல்ல தாய்’ என்ற சிறு நூல் பல பதிப்புகள் கண்டது. 1878இல் கணவரோடு இங்கிலாந்து போய், அங்குள்ள கூட்டங்களில் தம் பணியைப் பற்றிப் பேசினார். கப்பல் ஏறுவதே ஆண்களுக்குச் சாதிக் குற்றமாக இருந்த நாளில் ஒரு தமிழ்த் தாய் கடல் கடந்து மேடை ஏறியதை நம் பாடப்புத்தகங்கள் ஏன் சொல்வதில்லை?

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அவருடைய வீடு. 1878இல் அகமத்நகரிலிருந்து கிருபாபாய் என்ற மராத்தியக் கிறிஸ்தவப் பெண் சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்க வந்தார். பெண்களுக்கு அந்தக் கல்லூரி கதவு திறந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஊரும் மொழியும் புதிது. அவர் தங்கியது சத்தியநாதன் வீட்டில். முதல் ஆண்டில் நன்றாகப் படித்தவர், உடல் நலம் கெட்டுப் படிப்பை நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த வீட்டு மகன் சாமுவேல் கேம்பிரிட்ஜில் படித்துத் திரும்பினார். இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். மருத்துவர் ஆக முடியாத கிருபாபாய் எழுத்தாளர் ஆனார். 1887–88இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி இதழில் தொடராக வந்த அவருடைய ‘சகுணா’, படிக்க ஆசைப்படும் ஒரு பெண்ணின் கதை. ஆங்கிலத்தில் நாவல் எழுதிய முதல் இந்தியப் பெண்களில் அவர் ஒருவர். மாமனார் மதம் மாறிய வரலாற்றையும் அவரே எழுதினார்.

மருமகள் நாவல் எழுத, மாமியார் உயிரோடிருந்து பார்த்தார். அந்தக் காலத்து எத்தனை வீடுகளில் இது நடந்திருக்கும்?

1890இல் அன்னாள் காலமானார். 1892இல் கணவரும், 1894இல் முப்பத்திரண்டே வயதில் கிருபாபாயும் போனார்கள். சாமுவேல் பின்னர் மணந்த கமலா, 1901இல் சென்னையிலிருந்து ‘இந்தியன் லேடீஸ் மேகஸின்’ என்ற ஆங்கில இதழைத் தொடங்கினார். வங்காளத்து ரொக்கேயாவின் ‘சுல்தானாவின் கனவு’ 1905இல் முதலில் வெளியானது அந்த இதழில்தான். மாமியாரை மாமியாராகக் காணாத மருமகள் அவர். இருந்தும் அந்தக் குடும்பத்துக்கு வந்தவர் பேனாவைத்தான் எடுத்தார்.

இனி நான் கடைசியில் வருகிறேன் என்று சொன்ன இடம். சீயோன் ஆலயத்தின் போதகர் வரிசை நம் கிறிஸ்தவ வட்டாரத்தில் பிரசித்தம்: சத்தியநாதன், அவருக்குப் பின் டபிள்யூ. டி. கிளார்க், அவருக்குப் பின் சாமுவேல் கிளார்க், பிறகு சுந்தர் கிளார்க். ஒரே குடும்பத்தின் நான்கு தலைமுறை. சுந்தர் கிளார்க் பின்னாளில் தென்னிந்தியத் திருச்சபையின் சென்னைப் பேராயரும் ஆனார். ஜான் தேவசகாயத்தையும் முன்னால் வைத்தால் ஐந்து தலைமுறை. ஆனால் உற்றுப் பாருங்கள். தேவசகாயத்துக்குச் சத்தியநாதன் மகன் அல்ல, மருமகன். சத்தியநாதனுக்கு டபிள்யூ. டி. கிளார்க்கும் மகன் அல்ல, மருமகன். அங்கி இரண்டு முறை கை மாறியபோதும் நடுவில் நின்றவள் மகள். முதல் மகள் அன்னாள். இரண்டாவது, அன்னாள் பெற்று வளர்த்த மகள். பலகையில் ஆண் பெயர்களாக எழுதப்பட்ட அந்த வரிசை பெண் வழியாக வந்த வரிசை. பெண்ணுக்குக் குருப்பட்டம் இல்லாத காலத்தில், ஒரு தாய் அதைத் தன் மகளின் வீடு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

அன்னாளுக்கு வெகு முன்பே, பாளையங்கோட்டையின் 1780ஆம் ஆண்டுச் சபைப் பதிவேடு ஒரு பெண்ணின் பெயரோடு தொடங்குகிறது. தஞ்சாவூரிலிருந்து வந்த மராத்திய பிராமண விதவை. அவர் கட்டிய கோவிலைப் பாளையங்கோட்டை மக்கள் பாப்பாத்தியம்மாள் கோவில் என்றே அழைத்தார்கள். கிளாரிந்தாவின் கதை அடுத்த வாரம்.