கொல்லிமலைக்கு முதல் தடவை போகும் ஜோடிக்கு: இறங்குறது சுலபம், அதுதான் சிக்கல்

"மலையேறிப் பழக்கமே இல்லை. நாங்க ரெண்டு பேர் மட்டும் ஒரு நாள் போய்ட்டு வரணும். எங்க போகலாம்?" இந்தக் கேள்வி நம்மகிட்ட அடிக்கடி வருது. என் பதில் எப்பவும் கொல்லிமலைதான். நானும் என் மனைவியும் முதல் முதலா சேர்ந்து போன மலை அது. அங்கேதான் நாங்க நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டதும். அந்தக் கதையோட சேர்த்தே சொல்றேன், எதுக்குச் சொல்றேன்னு புரியும்.

கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்துல இருக்கு. உயரம் சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர். இந்த உயரத்துல காற்று குறைஞ்சு மூச்சுத் திணறும்னு பயப்பட வேண்டியதில்லை. பொதுவா ஆயிரம் மீட்டர் ஏறினா ஆறு டிகிரி வரைக்கும் குளிர்ச்சி கூடும், அவ்வளவுதான். மேலே செம்மேடு வரைக்கும் பஸ்ஸே போகுது. ஆனா காரவள்ளி வழியா ஏறினா 70 கொண்டை ஊசி வளைவுகள். எங்க பிரச்சினை அங்கேயே ஆரம்பிச்சிடுச்சு.

விடியக்காலையில ஈரோட்டுல இருந்து கார்ல கிளம்பினோம். அடிவாரத்துல ஒரு கடையில பொங்கலும் வடையும் வயிறு முட்டச் சாப்பிட்டோம். முப்பதாவது வளைவுக்குள்ள என் மனைவிக்கு ரெண்டு தடவை வாந்தி. வண்டி வளையுறதைக் காது உணருது, ஆனா கண் போனையே பார்த்துக்கிட்டு இருக்கு. ரெண்டும் சொல்ற சேதி ஒத்துப் போகாதபோது மூளை குழம்பிடும். குமட்டல் அதனாலதான் வருது. முன் சீட்டுல உட்கார்ந்து தூரத்து ரோட்டைப் பார்த்துக்கிட்டு வந்தா பாதி குறைஞ்சிடும். இட்லி ரெண்டோட நிறுத்திக்கலாம். வண்டி ஓட்டுறவருக்கும் ஒரு வார்த்தை: குறுகலான இடத்துல மேலே ஏறி வர்ற வண்டிக்கு வழி விடணும், இறங்கும்போது பிரேக்கையே நம்பாம கியரைக் குறைச்சு வைக்கணும்.

மேலே போய்ச் சேர்ந்ததும் அவ, "எனக்கு ஒண்ணும் வேண்டாங்க, டீ மட்டும் போதும்"னா. நானும் சரின்னு விட்டுட்டேன். அது தப்பு. வாந்தி எடுத்தா தண்ணியும் உப்பும் உடம்பை விட்டுப் போயிடுது. அதை ஈடுகட்டாமலே அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்துல இருக்கிற ஆகாய கங்கை அருவிக்கு இறங்க ஆரம்பிச்சோம்.

இந்த அருவியோட குணமே தனி. மத்த மலைகள்ல முதல்ல ஏறுவோம். களைச்சுப் போனா திரும்பி இறங்கிடலாம், உடம்பே எச்சரிக்கும். இங்கே முதல்ல இறக்கம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், பல இடங்கள்ல நல்ல செங்குத்து. இறங்கும்போது மூச்சு வாங்காது, பேசிக்கிட்டே போகலாம், "இவ்வளவுதானா?"ன்னு தோணும். ஆனா ஒவ்வொரு படியிலயும் உடம்போட மொத்த எடையைத் தாங்கிப் பிடிக்கிறது தொடைத் தசை. அது நீண்டுக்கிட்டே தாங்குறதால சத்தமில்லாம சோர்ந்து போகும். கீழே போய் நின்னதும் கால் தானா ஆடும் பாருங்க, அதுதான் அறிகுறி. அந்தக் காலை வெச்சுக்கிட்டுத்தான் அத்தனை படியும் ஏறணும். கீழே வண்டி வராது, வேற வழி கிடையாது.

சுமார் 300 அடி உயரத்துல இருந்து தண்ணி விழுது. குளிச்சோம். நான் ரொம்ப நேரம் நின்னுட்டேன். சொல்லப்போனா அந்தச் சுகத்துக்காகத்தானே போறோம்! ஆனா குளிர்ந்த தசை இறுகிடும், ஈரத் துணி உடம்புச் சூட்டை இழுக்கும். ஒரு மாத்து உடுப்பும் துண்டும் பையில இருந்தா போதும். எங்க பை கார்லயே இருந்துச்சு.

ஏறும்போது நான் வேகமா முன்னால போவேன், இருபது படி தள்ளி நின்னு, "வா, இன்னும் கொஞ்சம்தான்"னு கூப்பிடுவேன். அவ வந்து சேர்ந்ததும் நான் மறுபடி கிளம்பிடுவேன். யோசிச்சுப் பாருங்க, எனக்கு ஓய்வு கிடைச்சுது, அவளுக்குக் கிடைக்கவே இல்லை. "இன்னும் கொஞ்சம்தான்" என்பதும் பொய். பாதிகூடத் தாண்டியிருக்க மாட்டோம். ஒரு திருப்பத்துல அவ நின்னு கைப்பிடியைப் பிடிச்சா. "ஏங்க, கண்ணு இருட்டுது"ன்னு சொன்னது மட்டும்தான் கேட்டுச்சு.

ஓடி வந்து பிடிச்சுட்டேன், அதனால விழல. நான் அவளை நிமிர்த்தி நிறுத்தப் பார்த்தேன். அங்கே நெல்லிக்காய் வித்துக்கிட்டிருந்த அம்மா ஒரு அதட்டல் போட்டாங்க: "நிக்க வைக்காத தம்பி, படுக்க வை. காலை மேல்படியில தூக்கி வை." அதுதான் சரி. ஏறிக்கிட்டே இருந்து சட்டுன்னு நின்னா ரத்தம் காலுக்குள்ள தேங்கும், தலைக்குப் போறது குறையும். வயிறு காலி, உப்பு இல்லைன்னா இன்னும் மோசம். படுக்க வெச்ச ரெண்டு நிமிஷத்துல முகம் தெளிஞ்சுது. எழுந்து உட்கார்ந்த பிறகுதான் அந்த அம்மா எலுமிச்சையும் உப்பும் கலந்த தண்ணியைக் கொடுத்தாங்க. மயக்கத்துல இருக்கும்போது வாயில எதையும் ஊத்தக் கூடாது, புரை ஏறிடும். தெளிவு திரும்பலைன்னாலோ நெஞ்சு வலிச்சாலோ உடனே 108தான்.

மிச்சப் படிகளை அவ முன்னால, நான் பின்னால ஏறினோம். மெதுவா நடக்கிறவங்கதான் முன்னால போகணும். வாக்கியத்தை முடிக்காம மூச்சு வாங்கினா வேகம் அதிகம்னு அர்த்தம், குறைச்சுக்கலாம். நேரக் கணக்கும் முக்கியம்: இறங்க ஆன நேரத்தைப் போல ரெண்டு மடங்கை ஏறுறதுக்கு ஒதுக்குங்க. மதியத்துக்கு மேல இறங்காதீங்க, காட்டுக்குள்ள சீக்கிரம் இருட்டிடும். கனமழை பெய்ஞ்சா அருவிக்குத் தடை போட்டுடுவாங்க. அப்போ மேலேயே மிளகுத் தோட்டங்களைச் சுத்திப் பார்த்து, முடவாட்டுக்கால் கிழங்கு சூப் குடிச்சுட்டுத் திரும்பலாம். அதைப் பத்தி ஊர்ல சொல்ற பெருமையெல்லாம் எவ்வளவு உண்மையோ, குளிருக்கு இதமா இருக்கும்.

கார்ல ஏறினதும் ரொம்ப நேரம் அவ பேசல. அப்புறம் சொன்னா: "மயக்கம் வந்ததுல எனக்கு வருத்தமில்ல. முடியலன்னு உங்ககிட்டச் சொல்ல யோசிச்சேன் பாருங்க, அதுதான்." என்கிட்ட பதில் இல்லை.

அடுத்த வருஷம் திரும்பப் போனோம். கிளம்பும் முன்னாடியே ஒரு பேச்சு: யார் "போதும்"னு சொன்னாலும் அங்கேயே திரும்பிடணும், காரணம் கேட்கக் கூடாது. இருநூறு படி இறங்கின பிறகு "போதும்"னு சொன்னது நான்தான். முட்டி வலி. அவ காரணம் கேட்கல. ஆனா சிரிச்சா.